240 நிமிடக் கணக்கு: விழித்திரைத் தமனி அடைப்பும் அழுத்த ஆக்சிஜனும்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் நேரம் ஷிப்டில்தான் ஓடுகிறது. காலை 8.30க்கு உள்ளே போனால் இரவு 8.30க்கு வெளியே, கணக்கில் அது ஒன்றரை ஷிப்ட். இந்த 12 மணி நேரத்துக்குள் ஒருவருடைய ஒரு கண்ணின் மையத் தமனி அடைபட்டுவிட்டால், அவர் வீடு திரும்புவதற்குள் அந்த விழித்திரையின் பெரும்பகுதி இறந்திருக்கும். வலி இருக்காது, சிவப்பு இருக்காது, கண்ணீர்கூட வராது. இன்னொரு கண் வேலையைப் பார்த்துக்கொண்டே இருப்பதால், செக்கிங் டேபிளில் துணியில் ஓட்டை தேடுகிறவர் முகத்தைத் துடைக்கும்போது தற்செயலாக நல்ல கண்ணை மூடினால்தான் இருட்டு தெரியவரும். அப்போதும் ‘உடம்புச் சூடு’ என்று உச்சந்தலையில் விளக்கெண்ணெய் வைத்துவிட்டு, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுப்பவர்கள்தான் அதிகம்.

இந்த நோய்க்கு நிலையான மருந்து இன்றுவரை இல்லை. ஆனால் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பாலம் கட்டும் தொழிலாளர்களையும் மூழ்காளிகளையும் காப்பாற்றிவரும் ஓர் இரும்பு அறை, கடந்த சில பத்தாண்டுகளில் இந்த நோயாளிகளுக்கும் கதவைத் திறந்திருக்கிறது. அது கண்ணுக்கு எப்படி வந்துசேர்ந்தது, அதன் பலன் எவ்வளவு நிரூபணமானது, திருப்பூர் போன்ற ஊருக்கு அது எந்த அளவு உதவும் என்பவை பார்க்க வேண்டியவை.

நோயைக் கண்ணால் பார்ப்பதற்கே முதலில் ஒரு கருவி தேவைப்பட்டது. 1851இல் ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் வான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணின் உள்புறத்தைப் பார்க்கும் ஆப்தால்மாஸ்கோப்பை வெளியிட்டார். எட்டே ஆண்டுகளில், 1859இல், பெர்லினின் ஆல்பிரெக்ட் வான் கிரேஃபே, இதய உள்ளுறை அழற்சி கொண்ட ஒரு நோயாளியின் விழித்திரைத் தமனியில் இரத்தக்கட்டி வந்து அடைத்ததை விவரித்தார். இதயத்தில் கிளம்பிய துணுக்கு கண்ணில் போய் நின்றது என்ற அந்த விளக்கம்தான் இன்றும் அடிப்படை. வெளுத்துப்போன விழித்திரையின் நடுவே, அடியிலுள்ள இரத்தப்படலம் தெரிவதால் ஒரு சிவந்த புள்ளி. மருத்துவ மாணவர்கள் தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் ‘செர்ரிச் சிவப்புப் புள்ளி’ இதுதான்.

கண்டுபிடித்தாயிற்று, சரிசெய்வது எப்படி? கண்ணை விரலால் அழுத்தி அழுத்தி விடுவது, ஊசியால் முன்னறை நீரை எடுப்பது, 95 சதவீத ஆக்சிஜனும் 5 சதவீதக் கரியமில வாயுவும் கலந்த கார்போஜனைச் சுவாசிக்கச் செய்வது, இரத்தத்தை நீர்க்கச் செய்வது என்று அடுத்த நூறாண்டுகளுக்கு மேல் வைத்தியங்கள் குவிந்தன. எல்லாமே கட்டியை நகர்த்தும் நம்பிக்கையில் செய்யப்பட்டவை. 2015இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு இந்த வழக்கத்துக்கு நல்ல சூடு வைத்தது. ஒன்றும் செய்யாமல் விடப்பட்டவர்களில் 17.7 சதவீதம் பேருக்குப் பார்வை ஓரளவு திரும்பியிருக்க, இப்படிப்பட்ட வழக்கமான வைத்தியங்களைப் பெற்றவர்களில் 7.4 சதவீதம் பேருக்கே திரும்பியிருந்தது. கை வைக்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றவைக்கும் கணக்கு.

ஆக்சிஜனின் வழி வேறு. அது அடைப்பைத் தொடுவதே இல்லை.

இதற்குக் கண்ணின் குழாய் அமைப்பைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். விழித்திரையின் தடிமன் கால் மில்லிமீட்டர் அளவுதான். ஆனால் அதற்கு இரண்டு தனித்தனி இரத்த வழிகள். உள்ளடுக்குகளுக்கு மையத் தமனி; ஒளியை உணரும் வெளியடுக்குக்கு, பின்னால் இருக்கும் கோராய்டு என்ற தனிப் படலம். மையத் தமனி அடைபட்டாலும் கோராய்டில் இரத்தம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். சாதாரண நாட்களில் அதன் ஆக்சிஜன் உள்ளடுக்கு வரை எட்டுவதில்லை. ஆனால் இரத்தத்தில் ஆக்சிஜனின் அழுத்தத்தைப் பலமடங்கு உயர்த்திவிட்டால், கோராய்டிலிருந்தே அது கசிந்து பரவி விழித்திரையின் முழுத் தடிமனுக்கும் போதுமானதாகிவிடுகிறது. உடல் தானாகக் கட்டியைக் கரைத்துக் குழாயைத் திறக்கும்வரை திசுவை உயிரோடு தாங்கிப் பிடிப்பதுதான் இந்தச் சிகிச்சையின் முழு நோக்கம்.

அவ்வளவு ஆக்சிஜனை இரத்தத்தில் ஏற்றுவதற்கு அழுத்தம் வேண்டும். நாம் சுவாசிக்கும் காற்றில், 100 மில்லி இரத்தத்தின் திரவத்தில் நேரடியாகக் கரைந்திருக்கும் ஆக்சிஜன் வெறும் 0.3 மில்லி. மற்றதெல்லாம் ஹீமோகுளோபினின் சுமை. முகமூடி வழியே தூய ஆக்சிஜன் கொடுத்தால் கரைந்தது 2 மில்லியை நெருங்கும். மூன்று மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் அதையே சுவாசித்தால் 6 மில்லி. ஹீமோகுளோபினே இல்லாமல் உயிர் வாழ இது போதும் என்பதை ஆம்ஸ்டர்டாமின் அறுவை சிகிச்சை நிபுணர் இட்டே பூரெமா 1959இல் செய்தே காட்டினார். பன்றிக்குட்டிகளின் சிவப்பணுக்களை ஏறக்குறைய முழுவதும் அகற்றிவிட்டு, அழுத்த அறையில் வைத்து உயிரோடு மீட்டார். நவீன அழுத்த ஆக்சிஜன் மருத்துவத்தின் பிறப்புச் சான்றிதழ் என்று அந்தச் சோதனையைச் சொல்வார்கள்.

அறை மட்டும் அதற்கு முன்பே இருந்தது. அது மருத்துவமனையில் பிறக்கவில்லை, கட்டுமானத் தளத்தில் பிறந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆற்றுப்படுகையில் பாலத்தூண் இறக்க, தண்ணீரை வெளியே தள்ளும் அளவுக்கு அழுத்தக் காற்று நிரப்பிய பெட்டிகளுக்குள் கூலியாட்கள் மண் தோண்டினார்கள். வேலை முடிந்து மேலே வந்ததும் மூட்டுவலி, பக்கவாதம், சாவு. நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்தைக் கட்டிய தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங்கே 1872இல் இப்படி முடங்கினார். ஹட்சன் ஆற்றின் அடியில் சுரங்கம் தோண்டும் பணிக்கு 1889 வாக்கில் வந்த பொறியாளர் எர்னெஸ்ட் மோயர், நோயாளியைத் திரும்ப அழுத்தத்துக்குள் வைத்து மெல்ல இறக்க ஓர் இரும்பு அறையைத் தளத்திலேயே நிறுவினார். இந்தியாவிலும் இந்தத் தொழில் நடந்திருக்கிறது: கொல்கத்தா ஹவுரா பாலத்துக்காக ஹவுரா கரையில் இறக்கிய அடித்தளப் பெட்டி, ஓடும் மணலைத் தடுக்கச் சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டு காற்றழுத்தத்தில்தான் இறங்கியது.

அடுத்த உரிமையாளர்கள் கடற்படைகள். இந்தியாவில் மும்பை ஐ.என்.எச்.எஸ். அஸ்வினி வளாகத்தின் கடற்படை மருத்துவ நிறுவனம் இத்துறையின் முக்கிய மையமாக வளர்ந்தது. இலங்கையில் திருகோணமலைக் கடற்படைத் தளத்தின் அழுத்த அறைக்கு, கடலட்டையும் சங்கும் எடுக்க மூழ்கி முடங்கிப்போகும் மீனவர்கள் கொண்டுவரப்படுவதுண்டு. பெருநகரத் தனியார் மருத்துவமனைகளில் அறைகள் வந்தது அதற்குப் பிறகுதான். அங்கே அவற்றின் அன்றாட வேலையும் வேறு. சர்க்கரை நோயாளியின் காலில் ஆறாத புண், கதிர்வீச்சுச் சிகிச்சையால் சிதைந்த திசு, கரிப்புகை நச்சு.

கண்ணுக்கு ஆக்சிஜனைக் கொண்டுவந்தவர்களில் ஒருவரின் கதை சற்றே விசித்திரமானது. 1950களின் தொடக்கத்தில் வாஷிங்டன் நகரின் அரசு மருத்துவமனையில் இளம் மருத்துவராக இருந்த ஆர்னல் பாட்ஸ், குறைமாதக் குழந்தைகள் குருடாவதற்குக் காரணம் இன்குபேட்டரில் அளவுக்கு மீறிக் கொடுக்கும் ஆக்சிஜன்தான் என்று சந்தேகித்தார். சில குழந்தைகளுக்கு ஆக்சிஜனைக் குறைத்து அவர் நடத்திய ஆய்வில், குழந்தை மூச்சுத் திணறிச் செத்துவிடுமோ என்று பயந்த செவிலியர்கள் இரவில் யாருக்கும் தெரியாமல் வால்வைத் திறந்துவிட்டார்களாம். கடைசியில் பாட்ஸ் சொன்னதுதான் சரி என்று நிலைநாட்டப்பட்டது. 1956இல் அவருக்கு லாஸ்கர் விருது கிடைத்தது. அதே பாட்ஸ்தான் 1955இல், விழித்திரைத் தமனி அடைப்புக்கு ஆக்சிஜன் சுவாசிக்கச் செய்வது பற்றி ஒரு முன்னோட்டக் கட்டுரையும் எழுதினார். ஆக்சிஜன் கண்ணைக் கெடுக்கும் என்று உலகுக்குச் சொன்னவரே அது கண்ணைக் காக்கவும் கூடும் என்று முதல் அடியை எடுத்துவைத்தார். 1965இல் ஹடாட், லியோபோல்ட் இருவரும் அழுத்த ஆக்சிஜனை விழித்திரை இரத்தக்குழாய் நோய்களில் பயன்படுத்துவது குறித்து எழுதியபோது அறையும் கண்ணும் ஒன்றாகச் சேர்ந்தன.

இதற்கிடையில் கேள்வியின் மையத்துக்கு ஓர் இந்தியர் வந்துவிட்டார். பஞ்சாபில் பிறந்த சோகன் சிங் ஹேரே, பாட்டியாலா மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியல் கற்பித்தபோது, விழித்திரை மையத் தமனியின் பாதையைச் சடலங்களில் அங்குலம் அங்குலமாகத் தேடி வரைந்தவர். ராம்ஜி தாஸுடன் சேர்ந்து அவர் எழுதிய அந்த ஆய்வு 1960இல் பிரிட்டிஷ் கண்மருத்துவ இதழில் வெளியானது. தமனி மிகக் குறுகும் இடம் பார்வை நரம்பின் உறையைத் துளைத்து நுழையும் புள்ளிதான் என்ற புரிதல் இந்த உழைப்பில் கிடைத்தது. பின்னர் லண்டன், எடின்பரோ வழியாக 1973இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே ரீசஸ் குரங்குகளின் மையத் தமனியை இறுக்கிப் பிடித்து, வெவ்வேறு நேரம் கழித்து விடுவித்து, விழித்திரை எவ்வளவு தாங்கும் என்று அளந்தார். 1980இல் முதல் முடிவு வெளியானது. வயதான, இரத்த அழுத்தம் கூடிய, தமனி தடித்த குரங்குகளில் செய்து 2004இல் வெளியிட்ட முடிவு இப்படிச் சொன்னது: சுமார் 97 நிமிடம் வரை கண்டறியக்கூடிய சேதம் இல்லை, 240 நிமிடம் தாண்டினால் முழுமையான, மீளாத சேதம்.

உலகமெங்கும் அவசரப் பிரிவுகளில் சொல்லப்படும் ‘நாலு மணி நேரம்’ இந்தக் குரங்குகளிடமிருந்து வந்ததுதான். ஆனால் குரங்கின் தமனி கவ்வியால் முழுக்க மூடப்பட்டது. மனிதரில் அடைப்பு பெரும்பாலும் முழுமையாக இருப்பதில்லை. சொட்டுச் சொட்டாக இரத்தம் கசிந்துகொண்டிருக்கலாம். சிலருக்கு விழித்திரையின் மையப் பகுதிக்கு, கோராய்டு வழியிலிருந்து பிரியும் சிலியோரெட்டினல் என்ற சிறு தமனி பிறவியிலேயே உண்டு. தமனி அடைபட்டாலும் அவர்களுக்கு நடுப்பார்வை தப்பிக்கும். அழுத்த ஆக்சிஜன் ஆதரவாளர்கள் 24 மணி நேரம் வரை முயலலாம் என்று சொல்வதற்கு அடிப்படை இந்த வித்தியாசங்கள்தான். ஹேரே இதற்கெல்லாம் இளகவில்லை. 2022இல் மறையும்வரை, நிரூபணமில்லாமல் புகழப்படும் சிகிச்சைகளைக் கறாராக விமர்சித்தார். அழுத்த ஆக்சிஜனையும் விட்டுவைக்கவில்லை. அந்தக் கறார் தேவையானதாகவே இருந்தது என்பதை அடுத்து வந்த ஆய்வுகள் காட்டின.

கட்டியை நேரடியாகக் கரைப்பது என்ற முயற்சி 2010இல் பலத்த அடி வாங்கியது. ஜெர்மனி, ஆஸ்திரியாவின் 9 மையங்களில் 84 நோயாளிகளை வைத்து நடந்த ‘ஈகிள்’ ஆய்வில், தமனிக்குள் குழாய் விட்டுக் கரைப்பான் செலுத்தியவர்களுக்கும் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களுக்கும் பார்வையில் பெரிய வேறுபாடு இல்லை. பக்கவிளைவு மட்டும் ஒரு பக்கம் 4.3 சதவீதம், கரைப்பான் பக்கம் 37.1 சதவீதம். ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள்.

அழுத்த ஆக்சிஜனுக்கு இந்த அளவுக்கு நேர்த்தியான சோதனை கிடைக்கவில்லை. அதிகம் மேற்கோள் காட்டப்படுவது இஸ்ரேலிலிருந்து 2001இல் வந்த பெய்ரன் குழுவின் ஆய்வு. அறை உள்ள மருத்துவமனையில் 8 மணி நேரத்துக்குள் சிகிச்சை பெற்ற 35 பேரையும், அறை இல்லாத இன்னொரு மருத்துவமனையின் 37 பேரையும் ஒப்பிட்டார்கள். முதல் குழுவில் ஐந்தில் நால்வருக்கு மேல் முன்னேற்றம். இரண்டாவதில் மூவரில் ஒருவருக்கும் குறைவு. எண்கள் கவர்ச்சியானவை. ஆனால் பழைய ஏடுகளைப் புரட்டிச் செய்த ஒப்பீடு. சீட்டுக் குலுக்கிப் பிரித்த சோதனை அல்ல. சீக்கிரம் வந்தவர்களுக்கு இயல்பாகவே நன்றாகும் வாய்ப்பு அதிகம் என்ற சந்தேகம் அதில் நிற்கிறது. இருந்தும் அமெரிக்காவிலுள்ள நீரடி மற்றும் அழுத்த மருத்துவச் சங்கம், 2014இல் வந்த தன் வழிகாட்டியின் 13ஆம் பதிப்பில் விழித்திரை மையத் தமனி அடைப்பைச் சிகிச்சைக்கு ஏற்ற நோய்ப் பட்டியலில் வைத்தது. அமெரிக்க இதயச் சங்கமோ 2021 அறிக்கையில், இது ஒரு வகைப் பக்கவாதம் என்றே கொண்டு உடனே பக்கவாத மையத்துக்கு அனுப்பச் சொன்னது. அழுத்த ஆக்சிஜனைப் பற்றிப் பேசும்போது சான்று போதாது என்ற எச்சரிக்கையோடு நிறுத்திக்கொண்டது.

இந்த இரண்டு அறிக்கைகளையும் சேர்த்துப் படித்தால், நோயாளிக்கு முதலில் வேண்டியது அறையைவிட அவசரப் பிரிவு என்பது தெளிவாகும். திடீரெனக் கண் இருண்டவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு, எம்.ஆர்.ஐ. எடுத்தால் மூளையிலும் அறிகுறி காட்டாத புதிய அடைப்பு தெரிகிறது. கண்ணுக்கு வந்தது நாளை மூளைக்கு வரலாம். வயதானவர்களுக்குத் தமனி அழற்சி இருந்தால் ஸ்டீராய்டு உடனே தொடங்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த கண்ணும் போகும்.

அறைக்குள் என்ன நடக்கிறது? முதலில் சாதாரண முகமூடியில் முழு வேக ஆக்சிஜன். கால் மணி நேரத்தில் பார்வை திரும்பாவிட்டால் அறைக்குள் அனுப்பி அழுத்தத்தை வளிமண்டலத்தின் 2 மடங்காக்குகிறார்கள். பலன் இல்லையென்றால் 2.4, பிறகு 2.8. எந்தப் படியில் நோயாளி வெளிச்சத்தையோ விரல்களையோ காண ஆரம்பிக்கிறாரோ அதில் நிறுத்தி 90 நிமிடம். அடுத்த சில நாட்கள் திரும்பத் திரும்ப. ஒருவர் படுக்கும் அறையை முதன்முறை பார்க்கும் சாயப்பட்டறைக்காரர், இது நம்ம சாஃப்ட் ஃப்ளோ மெஷின் மாதிரியே இருக்கிறதே என்பார்: உருளை வடிவம், வட்டக் கதவு, பிரஷர் கேஜ், திறக்கும் முன் அழுத்தம் இறக்கும் வால்வு. காது அடைப்பதும், சிலருக்குச் சில வாரம் கிட்டப்பார்வை வருவதும், அபூர்வமாக வலிப்பு வருவதும் பக்கவிளைவுகள். நுரையீரல் உறையில் காற்று புகுந்தவர்களை உள்ளே விடக்கூடாது.

உள்ளே போகுமுன் உடை மாற்ற வேண்டும் என்பதுதான் இந்தப் பகுதியின் வாசகருக்குச் சுவாரசியமான இடம். பாலியெஸ்டர், நைலான் கூடாது. அவற்றில் உரசலால் மின்னேற்றம் சேரும். பெரும்பாலான மையங்கள் நோயாளிக்குக் கொடுப்பது நூறு சதவீதப் பருத்தி உடை. தலையில் எண்ணெய், முகத்தில் கிரீம், பாக்கெட்டில் கைப்பேசி எதுவும் ஆகாது. விளக்கெண்ணெய் வைத்துக்கொண்டு வந்தவர் தலை குளித்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும், அதற்கும் நிமிடங்கள் போகும். தூய ஆக்சிஜனில் ஒரு பொறி போதும். 1997 அக்டோபர் 31 அன்று மிலான் நகர மருத்துவமனை அறையில் பற்றிய தீயில் 11 பேர் இறந்தார்கள். 2025 ஜனவரியில் அமெரிக்காவின் மிச்சிகனில் ஒரு தனியார் மையத்தில் ஐந்து வயதுச் சிறுவன் இப்படியே பலியானான். செயற்கை இழைக்கு மாறுவதா என்று திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் பேசிக்கொண்டிருக்கும் காலத்தில், பருத்திக்கு மாற்று இல்லாத ஒரு சின்னச் சந்தை இந்த அறைக்குள் இருக்கிறது.

எச்சரிக்கை ஒன்று இங்கேயே சொல்லிவிட வேண்டும். ‘இளமை திரும்பும்’ என்று விளம்பரம் செய்யும் சில மையங்களில் ஜிப் வைத்த பை போன்ற கூடாரத்தை அழுத்த அறை என்கிறார்கள். அதில் அழுத்தம் 1.3 மடங்கைத் தாண்டாது. விழித்திரைக்கு அது பயனில்லை.

திருப்பூர் மாவட்டத்தின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பில் சுமார் 24.8 லட்சம். அமெரிக்காவில் இந்த நோய் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் சுமார் 1.9 பேருக்கு வருகிறது. அதே விகிதம் இங்கும் பொருந்துமானால் மாவட்டத்துக்கு ஆண்டுக்கு ஐம்பதுக்குக் கொஞ்சம் குறைவு. இங்கே தொழிலாளர்கள் இளவயதினர், அதனால் குறையலாம். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் அதிகம், அதனால் கூடலாம். 2023இல் வந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வுப்படி இந்தியப் பெரியவர்களில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். வாரத்துக்கு ஒருவர் என்ற அளவில் வரும் நோயாளிக்காக மாவட்டத் தலைநகரில் ஒரு பெரிய அறையை நிறுவுவது சரிவராது. சர்க்கரைப் புண்ணுக்காக நிறுவப்படும் அறை கண்ணுக்கும் உடனே திறக்குமா என்பதே நடைமுறைக் கேள்வி.

கண் மருத்துவத்தில் கொங்கு மண்டலம் ஏழை அல்ல. 1976இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த், கோவைக்கு 1997இல் வந்தது. திருப்பூரிலும் உடுமலையிலும் அதற்குக் கிளைகள் உண்டு. கோவையில் சங்கரா கண் மருத்துவமனை பல பத்தாண்டுகளாக இயங்குகிறது. திருப்பூருக்கு அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் கிடைத்தது. 108 ஆம்புலன்ஸ் 2008 முதல் ஓடுகிறது. ஆனால் இந்த வலைப்பின்னல் பெரிதும் கண்புரைக்காகக் கட்டப்பட்டது. புரையை இன்று அகற்றாவிட்டால் அடுத்த வாரம் அகற்றலாம். தமனி அடைப்பு அப்படிக் காத்திருக்காது.

சிரை வேறு, தமனி வேறு என்பதையும் சொல்ல வேண்டும். விழித்திரைச் சிரை அடைப்பு இதைவிடப் பலமடங்கு அதிகமாக வருவது. அங்கே பார்வை மெல்ல மங்கும். கண்ணுக்குள் போடும் ஊசி மருந்துகள் நன்றாக வேலை செய்கின்றன. 2015இல் இந்திய நிறுவனம் ஒன்று ரானிபிசுமாபின் உலகின் முதல் ஒப்புமருந்தை ‘ரசுமாப்’ என்று வெளியிட்ட பிறகு செலவும் இறங்கியது. சிரை அடைப்புக்கு அழுத்த அறையின் பங்கு மிகச் சிறியது. கண்ணில் இரத்தக்குழாய் அடைப்பு என்று மொத்தமாகச் சொல்லி இரண்டுக்கும் அறையைப் பரிந்துரைப்பவரிடம் எந்தக் குழாய் என்று கேட்டுவிடுவது நல்லது.

கடிகாரத்தை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காலை 11 மணிக்கு ஒரு ஓவர்லாக் டெய்லரின் கண் இருளுகிறது. பீஸ் ரேட் வேலை. மதியச் சாப்பாடு வரை தைக்கிறார்: 120 நிமிடம். சூப்பர்வைசரிடம் சொல்லிப் பெர்மிஷன் வாங்கி, பக்கத்து மெடிக்கலில் சொட்டு மருந்து வாங்கிப் பார்த்து, பிறகு ஒரு கண் மருத்துவமனை ஓ.பி. வரிசை: இன்னும் 90. மருந்து விட்டுக் கண்மணி விரிய அரை மணி நேரம். அதோடு 240. கோவை இன்னும் 50 கிலோமீட்டர். அவர் ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்தவரானால் நோயைச் சொல்வதற்கே ஆள் தேட வேண்டும்.

இந்தக் கணக்கில் அறைக்குப் போகும் தூரத்தைவிட, தொடக்கத்து 210 நிமிடங்கள்தான் கையில் இருப்பவை. இ.எஸ்.ஐ. மருந்தகத்திலும் கம்பெனியின் முதலுதவிப் பெட்டி அருகிலும் வாய் கோணல், கை இழுப்பு பற்றிய பக்கவாதச் சுவரொட்டிகள் ஒட்டப்படுகின்றன. ஒரு கண் திடீரென வலியின்றி இருண்டாலும் 108ஐ அழையுங்கள் என்ற வரி தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் அதில் சேரலாம். சில நொடி மங்கித் திரும்பும் பார்வையும் அதே வரியில் சேர வேண்டும். பெரிய அடைப்புக்கு முன் சிலருக்கு இது வருகிறது. ஆம்புலன்ஸில் ஏற்றியதும் முகமூடி வழியே ஆக்சிஜன் கொடுப்பதற்கு எந்த அறையும் தேவையில்லை. அதற்கான ஆக்சிஜன் உருளை வண்டியிலேயே இருக்கிறது.